பேர் மாறாத வண்டி

ஆமா சார், என் வண்டிதான் என்று ஏன் சொன்னேன். வித்துட்டேன் சார் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும். ஏழு மாசத்துக்கு முன்னாலேயே வித்தாச்சு, இப்ப அது என்னுது இல்ல. அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்து நின்றதா, வரவே இல்லையா, அதுகூட இப்போது தெரியவில்லை. பள்ளிக்கூட ஆபீசில் ஒன்பதரை மணி இருக்கும், மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த பெற்றோர் கவுன்ட்டருக்கு வெளியே நெருக்கியடித்து நின்றார்கள், நூலக அட்டை இல்லாமல் டி.சி. தர முடியாது என்று ஒருத்தரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன், போன் அடித்தது. தெரியாத நம்பர். "செண்பகவல்லியா?" "ஆமா." "செண்பகவல்லிங்கிறது நீங்கதானா? நீங்களேதான் பேசுறீங்களா?" இரண்டு தடவை கேட்டார். குரலில் மிரட்டல் இல்லை. ஏதோ ஒரு ஆச்சரியம் இருந்தது. திருநெல்வேலியில் ஆற்றுப்பாலத்துப் பக்கம் இருக்கிற ஸ்டேஷனில் இருந்து ஏட்டு பேசுகிறாராம். வண்டி நம்பரைச் சொன்னார். மெரூன் கலர் ஸ்கூட்டர், உங்க வண்டிதானே என்றார். ஆமா சார், என் வண்டிதான். சொல்லிவிட்டேன். பத்து வருஷம் அந்த நம்பரை யார் கேட்டாலும் ஆமா என்று சொல்லிப் பழகிய வாய். பெட்ரோல் பங்கில், சைக்கிள் ஸ்டாண்டில், வழியில் கையைக் காட்டி நிறுத்துகிற போலீசிடம். பழக்கம்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பழக்கம் இல்லை. பயம். வித்துட்டேன் என்றால் அடுத்த கேள்வி யாருக்கு என்று வரும். யாருக்கு என்று சொன்னால் ஏன் பேர் மாத்தலை என்று வரும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல்தான் முதல் கேள்விக்கே பொய் சொன்னேன். "என்ன சார் ஆச்சு?" என்றேன். "நேர்ல வாங்கம்மா, போன்ல வேண்டாம்" என்று வைத்துவிட்டார்.

பைபாசில் நேராகப் போகிற பஸ் கிடைக்கவில்லை. கயத்தாறு ஊருக்குள் போய் வருகிற பஸ்தான். ஜன்னலோரம் உட்கார்ந்து கைப்பையை மடியில் அணைத்து வைத்திருக்கிறேன், உள்ளே வண்டி வித்த அந்தத் தாள் இருக்கிறது. வீட்டுக்குப் போய் பீரோவின் லாக்கரில் இருந்து எடுத்து வந்தேன். இவர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், என்ன பாதி நாள்ல என்று கேட்டார், மாவட்டக் கல்வி ஆபீசுக்குப் போகணும் என்றேன். இன்றைக்கு இரண்டாவது பொய். மூன்றாவது பழையது. நவம்பரில், வண்டி போன வாரத்தில், இவர் ஞாபகமாகக் கேட்டார்: "ஆர்டிஓ ஆபீசுல எழுதிக் குடுத்தாச்சா? வித்தவங்கதான் முதல்ல குடுக்கணும். பதினாலு நாள்தான்." குடுத்தாச்சு என்றேன். சொன்னபோது அது பொய்யாகவே தெரியவில்லை, ஏனென்றால் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தேன், கொடுக்கிறதுதான் பாக்கி. வித்ததை ஆர்டிஓவுக்குத் தெரிவிக்கிற ஃபார்ம் 29 இரண்டு பிரதி. ஒன்று அவர்களுக்கு, ஒன்றில் முத்திரை வாங்கி நமக்கு. வாங்குகிறவருடைய ஆதார் நகல். வண்டியை ஒப்படைத்த நாள், மணி, இரண்டு பேர் கையெழுத்து. இன்ஷூரன்ஸ்காரருக்குத் தனியாக ஒரு கடிதம். இருபத்தாறு வருஷமாக ஆபீசில் உட்கார்ந்திருக்கிறவள் நான். ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டுப் போனால் அன்றைக்கே வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையில் கோடு போட்டு, நீக்கம் என்று எழுதி, தேதி போட்டு, தலைமையாசிரியையிடம் கையெழுத்து வாங்காமல் வீட்டுக்குப் போகமாட்டேன். போன பிள்ளையின் பேர் நம் ரெஜிஸ்டரில் கிடந்தால் அந்தப் பிள்ளைக்கு என்ன ஆனாலும் நம்மைத்தான் கேட்பார்கள் என்று புதிதாக வந்த கிளார்க்குகளுக்குச் சொல்லிக் கொடுத்தவளும் நான்தான். என் பேர் ஒரு வண்டியின் மேல் ஏறி ஏழு மாசமாக எங்கெல்லாமோ போய்க்கொண்டிருந்திருக்கிறது. எங்கே போனது, யாரை ஏற்றிக்கொண்டு போனது, என்ன செய்தது, ஒன்றும் தெரியாது. இப்போது ஒரு ஸ்டேஷன் வாசலில் போய் நிற்கிறது.

முழங்கால் தேய்ந்துபோச்சு, இனிமே ரெண்டு சக்கரம் வேண்டாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் வண்டியில் விற்பனைக்கு என்று அட்டை ஒட்டி பள்ளிக்கூடத்து வாசலில் நிறுத்தினேன். நான்கு பேர் வந்து சீட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஐந்தாவதாக அவள் வந்தாள். எதிரே இருக்கிற ஜவுளிக்கடையின் யூனிபார்ம் சேலையில், சாப்பாட்டு இடைவேளையில், வியர்த்துப்போய். முப்பது வயது இருக்கும். "அக்கா, இது ஓட்டுறதுக்கு ரொம்பக் கஷ்டமா?" அதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. எவ்வளவு தூரம் கொடுக்கும், என்ன ரிப்பேர், எத்தனை கை மாறியது, எதுவும் கேட்கவில்லை. பேர் கேட்டேன். "முப்பிடாதிக்கா. கடையில பிரியான்னு கூப்பிடுவாக." ஃபார்மை எடுத்து வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தேன், கணவர் பேர் என்றேன். பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா பேரு போடலாமாக்கா?" போடலாம், அப்பா இருக்காரா? "இல்லக்கா. பேரு போடலாம்ல?" போட்டேன். விலாசம் வடக்குச் செவல், கயத்தாறு வழி. எல்லாக் கட்டமும் நிரப்பி, நான் கையெழுத்துப் போட்டு, அவளும் போட்டு, நாளைக்குக் காலையில் போய்க் கொடுத்துவிடுகிறேன் என்று தாளை மடிக்கும்போது என் கையைப் பிடித்தாள். அந்தக் கை ஞாபகம் இருக்கிறது. வெயிலில் நின்று வந்தவளின் கை, ஆனால் சில்லென்று இருந்தது. "அக்கா, ஒரு மூணு மாசம் உங்க பேர்லயே இருக்கட்டும்க்கா." ஏம்மா? "புது ஆர்சி கார்டு தபால்ல வீட்டுக்கு வரும்ல. பகல்ல அவுகதான் வீட்டுல இருப்பாக. கையில கிடைச்சா..." அதற்கு மேல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கிடைத்தால் என்ன? அந்த ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கவுன்ட்டரில் நிற்கிற ஒவ்வொருவரிடமும் ஒன்பது கேள்வி கேட்கிறவள், அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கவில்லை. இரக்கப்பட்டுத்தான் சரி என்றேன் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். அது பாதிதான். ஆர்டிஓ ஆபீசுக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும், படி ஏற வேண்டும், முழங்கால் வலிக்கும், இந்தப் பெண்ணே வேண்டாம் என்கிறாள், நல்லதாகப் போயிற்று. அந்தப் பாதியும் இருந்தது. எது பெரிய பாதி என்று இப்போது பிரித்துப் பார்க்க முடியவில்லை.

பஸ் இடைசெவலைத் தாண்டியிருக்கும், கரிசல் காடு உழுது போட்டபடி வெயிலில் வெடித்துக் கிடக்கிறது, காற்றாலைகள் தூரத்தில் சுற்றுகின்றன, ஒன்று மட்டும் சுற்றாமல் நிற்கிறது. ஏன் ஒன்று மட்டும். என்னவாக இருக்கும்? ஆக்சிடென்ட் என்றால் ஆக்சிடென்ட் என்று சொல்லியிருப்பார்களே. யார்மீதாவது ஏற்றிவிட்டாளா. வயதானவர் யாரையாவது. அப்படியென்றால் கோர்ட்டில் நான்தான் நிற்க வேண்டும், ஓனர் பேரில்தான் வழக்கு வரும், பேர் மாத்தாதவர்கள் ஆயுசுக்கும் அலைந்த கதையெல்லாம் இவர் சொல்லியிருக்கிறார். இல்லை, வண்டி திருட்டுப் போய், சங்கிலி அறுக்கிறவன் கையில் சிக்கி, கேமராவில் நம்பர் விழுந்திருக்கும். அதுதான். அதுவாக இருந்தால் நல்லது. நல்லது என்று நினைக்கிற அளவுக்கு வந்துவிட்டேன். அந்த ஏட்டு ஏன் நீங்களேதான் பேசுறீங்களா என்று கேட்டார்? அது திருடனைத் தேடுகிறவன் கேட்கிற கேள்வி இல்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மைதானத்தில் அவளுக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்தேன். கடையில் ஞாயிறும் வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டு வருவாள். முதல் நாள் இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டே போனாள், காலைத் தூக்கு, விழமாட்டே, தூக்கு என்று பின்னாலேயே கத்திக்கொண்டு நடந்தேன், முழங்கால் வலி தெரியவில்லை. இரண்டாவது ஞாயிறு கொடிக்கம்பத்தைச் சுற்றி ஒரு முழு வட்டம் போட்டாள். மூன்றாவது ஞாயிறு மழை தூறிக்கொண்டிருந்தது, ஈர மண்ணில் எட்டுப் போட்டாள், பெரிய எட்டு, திரும்பி வந்து நிறுத்தி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்போதுதான் அவள் போன் அடித்தது. உடனே எஞ்சினை அணைத்தாள். வண்டியை விட்டு இருபது முப்பது அடி தள்ளி ஓடினாள். "கடையிலதான் இருக்கேன்" என்றாள். அப்புறம் கேட்டுக்கொண்டே நின்றாள். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அக்கா, வீடியோல வரச் சொல்லுதாக." சொல்லிக்கொண்டே கேட்டை நோக்கி ஓடினாள், சாலையைக் குறுக்கே கடந்தாள், லாரி ஒன்று அலறிக்கொண்டு நின்றது, அவள் பார்க்கவேயில்லை, கடைப் படிக்கட்டில் ஏறி உள்ளே போய்விட்டாள். நான் மைதானத்தில் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கால்மணி கழித்து வந்து, "ஒண்ணுமில்லக்கா" என்றாள். நானும் ஒன்றுமில்லை என்றே எடுத்துக்கொண்டேன். எதுக்கும்மா உனக்கு வண்டி, வீட்டுக்கும் கொண்டுபோக முடியாது, கயத்தாறு ஸ்டாண்டிலயே போட்டு வைக்கணும்ங்கிறே என்று ஒரு நாள் கேட்டேன். "நிக்குதுன்னு தெரிஞ்சாப் போதும்க்கா. ஒரு தைரியம்" என்றாள்.

கயத்தாறு. பஸ் நிற்கிறது. டீக்கடை, பழக்கடை, இருசக்கர வாகனம் நிறுத்துமிடம் என்ற தகரப் பலகை. அங்கேதான் நின்றிருக்கும். தகரக் கொட்டகைக்குள் வரிசையாக வண்டிகள், இருட்டாக இருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை. கொட்டகைக்காரரிடம் இறங்கிக் கேட்கலாமா. இங்கிருந்து வடக்குச் செவல் நான்கு கிலோமீட்டர் என்றாள். இறங்கி அவள் வீட்டுக்கே போய் நின்றால் என்ன. என்னவென்று சொல்லிக்கொண்டு நிற்பது. டிரைவர் ஹாரன் அடிக்கிறார், பஸ் நகர்ந்துவிட்டது, இறங்குவேன் என்று எனக்கே நம்பிக்கை இல்லாமல்தான் யோசித்துக்கொண்டிருந்தேன் போல. பிப்ரவரியில் மூணு மாசம் ஆச்சேம்மா என்று போன் பண்ணினேன். "அடுத்த மாசம்க்கா, கண்டிப்பா." அப்புறம் தேர்வு வந்தது, விடைத்தாள் கட்டு வந்தது, மறந்தேன். மறந்தேனா? பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அந்தத் தாளின் ஓரம் தெரியும். தெரிந்ததும் சாவியைத் திருப்பிவிடுவேன். போன வியாழக்கிழமை. இதைத்தான் காலையிலிருந்து சுற்றிச் சுற்றி வந்து தொடாமல் போகிறேன். வியாழக்கிழமை மதியம் ஒன்று பத்துக்கு அவள் கூப்பிட்டாள். மேசையில் போன் அதிர்ந்தது, முப்பிடாதி என்று வந்தது, கவுன்ட்டரில் ஒரு அப்பா பிறந்த தேதி தப்பா இருக்கு என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார், நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம். சாயங்காலம் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் கூப்பிட்டால் சுவிட்ச் ஆஃப். சார்ஜ் இருக்காது என்று நினைத்தேன். சனிக்கிழமையும் சுவிட்ச் ஆஃப். அப்புறம் கூப்பிடவில்லை. இன்றைக்குச் செவ்வாய். ஒரு மனுஷிக்கு ஐந்து நாளாகப் போனில் சார்ஜ் இருக்காதா.

ஸ்டேஷன் சின்னது. வேப்பமரத்துக்கடியில் என் வண்டி நின்றது. என் வண்டி. மறுபடியும் அப்படித்தான் வருகிறது. முன்பக்கம் சாமி படம் ஒட்டியிருந்த இடத்தில் அவள் வேறு ஏதோ ஒட்டிக் கிழித்திருந்தாள். கீறலோ நெளிசலோ இல்லை. அப்படியென்றால் விபத்து இல்லை. எதன்மீதும் மோதவில்லை. ஒரு நிமிஷம் மூச்சு வந்தது. அதற்குள் ஏட்டு வெளியே வந்து என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மேடம், அந்தம்மா வந்துட்டாங்க" என்று உள்ளே குரல் கொடுத்தார். எஸ்ஐ ஒரு பெண். பிலோமினா என்று சட்டையில் இருந்தது. நாற்காலியைக் காட்டினாள், உட்காரும் வரைக்கும் காத்திருந்தாள். "வெள்ளிக்கிழமை விடியக்காலம் பாலத்துல வண்டி நின்னுச்சும்மா. சாவி வண்டியிலயே இருக்கு. கைப்பிடிச் சுவர்கிட்ட ஒரு ஜோடி செருப்பு. கார் நெல் சாகுபடிக்கு அணையில தண்ணி விட்டிருக்காங்க, ஆறு நல்லாப் போகுது. ஆர்சியில இருந்த போன் நம்பர் வேலை செய்யல. விலாசத்துக்கு ஆள் அனுப்பினா வீடு மாறிப் போயிட்டாங்கன்னாங்க. இன்ஷூரன்ஸ் கம்பெனியில கேட்டு இன்னைக்குக் காலையிலதான் இந்த நம்பர் கிடைச்சுது. நாலு நாளா உங்க பேரைச் சொல்லித்தாம்மா ஆத்துல தேடினோம்." என் பேரைச் சொல்லி. படகில் உட்கார்ந்து, கம்பைத் தண்ணீருக்குள் விட்டுத் துழாவி, நாணலை விலக்கி, செண்பகவல்லி, ஐம்பத்தொரு வயது, கோவில்பட்டி. நான் இவருக்குத் தோசை ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில் நான் ஆற்றில் கிடந்திருக்கிறேன். மேசைமேல் பாலிதீன் உறையில் அந்தச் செருப்பு இருந்தது. கறுப்பு வார், குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்தது. நாள் முழுக்க நின்றுகொண்டே சேலை விரித்துக் காட்டுகிறவளின் செருப்பு.

அப்போதுதான் சுவரோரம் பெஞ்சில் ஒருத்தன் உட்கார்ந்திருந்ததைக் கவனித்தேன். தேய்த்த வெள்ளைச் சட்டை, மடியில் ஹெல்மெட்டை வைத்து அதன் கண்ணாடியை விரலால் துடைத்துக்கொண்டிருந்தான். "இவரு வேல்சாமி. வடக்குச் செவல்" என்றாள் எஸ்ஐ. "இவர் சம்சாரம் முப்பிடாதியைக் காணோம்னு அங்க கம்ப்ளெய்ன்ட் குடுத்திருக்காரு. வியாழக்கிழமையிலேருந்து. செருப்பைப் பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டோம்." அவன் எழுந்து கும்பிட்டான். நல்ல மரியாதையான கும்பிடு. "செருப்பு அவளுது மாதிரிதான் மேடம் இருக்கு. ஆனா எல்லாச் செருப்பும் இப்படித்தான இருக்கும். வண்டி அவளுது இல்ல. அவளுக்கு வண்டியெல்லாம் ஓட்டத் தெரியாது. சைக்கிளே ஓட்டத் தெரியாது" என்று லேசாகச் சிரித்தான். "நான்தான் எங்கன்னாலும் கூட்டிட்டுப் போவேன், கூட்டிட்டு வருவேன். வண்டி இந்தம்மாவோடதுன்னா அப்புறம் எனக்கும் இதுக்கும் என்ன மேடம். அவ எவன்கூடயோ போயிருப்பா." அவன் சொல்லச் சொல்லப் பக்கத்து மேசையில் ஸ்டேஷன் ரைட்டர் எழுதிக்கொண்டிருந்தார். வண்டி ஓட்டத் தெரியாது. பேனா அந்த வரியை எழுதுகிற சத்தம் கூட எனக்குக் கேட்டது. எழுதிவிட்டால் அது உண்மையாகிவிடும். தாளில் ஏறினதுதான் நிற்கும், ஏறாதது நடந்தது இல்லை, இருபத்தாறு வருஷமாக எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான்.

கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆமா, என் வண்டிதான், தெரிந்தவர் ஒருத்தர் இரவல் வாங்கிப் போனார், திருட்டுப் போயிருக்கும். அப்படிச் சொல்லி, ஒரு கையெழுத்துப் போட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடலாம். பேர் இன்னும் என் பேர்தான். யாரும் ஒன்றும் கேட்க முடியாது. அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறி எங்கேயோ ஒரு ஊரில் வேறு பேரில் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தால்? நான் தாளை நீட்டினால் இவன் அந்த நூலைப் பிடித்துக்கொண்டே போவானே. அப்படி நினைக்கத்தான் பிடித்திருந்தது. அவள் சிரித்துக்கொண்டு பஸ்ஸில் போகிறாள், நான் வாயை மூடிக்கொண்டிருப்பதால்தான் போகிறாள், நான் நல்லவள். ஆனால் வியாழக்கிழமை ஒன்று பத்துக்கு ஏன் என்னைக் கூப்பிட்டாள்? தப்பித்துப் போகிறவள் என்னிடம் என்ன சொல்ல வேண்டியிருந்தது? தண்ணீருக்குள் இருந்தால்? யாராவது அவளைத் தண்ணீருக்குள் போட்டிருந்தால்? நான் வாயை மூடிக்கொண்டால் அவள் எவன்கூடவோ போனவளாகவே எழுதப்படுவாள், தேடுகிறவர்கள் படகைக் கரையில் ஏற்றிக் கவிழ்த்துவிட்டுப் போவார்கள். அவன் ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைக்கத் துடைக்கக் கண்ணாடியில் அவன் விரலின் தடம்தான் விழுந்துகொண்டிருந்தது. "மேடம், உங்ககிட்டத் தனியாப் பேசணும்" என்றேன்.

உள்ளே ஒரு அறை, பழைய பைல்களின் வாசனை. பிலோமினா கதவைச் சாத்தினாள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், "அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியும் மேடம்" என்றேன். "நான்தான் சொல்லிக் கொடுத்தேன். எட்டுப் போடுவா." சொன்னதும் அழுகை வந்துவிட்டது, அழுதுகொண்டே ஃபார்மை எடுத்து வைத்தேன். அவள் அதை இரண்டு தடவை படித்தாள், தேதியைப் பார்த்தாள். "ஏழு மாசம் ஆச்சு. பதினாலு நாளைக்குள்ள குடுத்திருக்கணும், தெரியும்ல?" தெரியும் என்றேன். "தெரிஞ்சும் ஏம்மா?" அவள் கையைப் பிடித்தது, தபால், மூணு மாசம், மைதானம், வீடியோ, லாரி, எல்லாவற்றையும் சொன்னேன். போனை எடுத்து வியாழக்கிழமை வந்த அழைப்பைக் காட்டினேன். எடுக்கவில்லை என்றும் சொன்னேன், அதை மறைக்கவில்லை. அவள் நம்பரைக் குறித்துக்கொண்டாள். பேனாவை மூடிவிட்டுச் சொன்னாள்: "இதை நீங்க நவம்பர்லயே குடுத்திருந்தா வெள்ளிக்கிழமை காலையிலேயே எங்களுக்கு அவ பேரு கிடைச்சிருக்கும். அஞ்சு நாள் போச்சு." திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "எழுதிக் குடுங்க. உங்ககிட்டயும் விளக்கம் கேப்பாங்க, அதுக்குத் தயாரா இருந்துக்கோங்க." எழுதினேன். எழுத்து நன்றாகவே விழுந்தது, பாழாய்ப்போன பழக்கம். இரண்டு பக்கம். கையெழுத்து, தேதி, நேரம் பன்னிரண்டு ஐம்பது. "வெளிய அந்த ஆளுகிட்ட ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். இப்போதைக்கு நீங்க வண்டி ஓனர். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்" என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டாள்.

பெஞ்ச் காலியாக இருந்தது. போய்விட்டான் என்று நினைத்தேன். படியில் இறங்கினால் வெயில் கண்ணில் அடித்தது, வேப்பமரத்து நிழலில் அவன் நின்றுகொண்டிருந்தான், தன் பைக்கின் பக்கத்தில், ஹெல்மெட்டைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு. நான் அவனைப் பார்க்காமல் கேட்டை நோக்கி நடந்தேன். பத்து அடி இருக்கும். எட்டடி. அவன் நகரவில்லை. நான் தாண்டும்போது, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரி, மெதுவாக, தன்மையாகக் கேட்டான்:

"பேரை மாத்தாம வச்சிக் குடுத்த அக்கா நீங்கதானா?"

கால் நின்றுவிட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. சாலையில் ஒரு மினி பஸ் போனது, அதன் பாட்டுச் சத்தம் வந்து போனது, அது போகும்வரை நின்றேன். வண்டி அவளுது இல்லை என்றானே. சைக்கிளே ஓட்டத் தெரியாது என்றானே. ரைட்டர் அதை எழுதினாரே. பேர் மாத்தவில்லை என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும். அரைமணிக்கு முன்னால் சாத்திய கதவுக்குப் பின்னால் எஸ்ஐக்குத் தெரியும். அக்கா என்று என்னை அவள் மட்டும்தான் சொல்லுவாள். இவனிடம் எப்போது சொன்னாள்? என்ன செய்து சொல்ல வைத்தான்? வியாழக்கிழமையா? ஒன்று பத்துக்கு முன்னாலா, பின்னாலா? முதுகுக்குப் பின்னால் அவன் ஹெல்மெட்டின் பட்டையைப் போட்டுக் கழற்றிப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தான், டிக், டிக் என்று கேட்டது.

கேட் நான்கு அடியில் இருந்தது. வெளியே போனால் ஆட்டோ, ஆட்டோவில் ஏறினால் பஸ் ஸ்டாண்ட், மூன்று மணிக்கெல்லாம் வீட்டில் இருக்கலாம். அவனுக்கு என் வீடு தெரியுமா? தெரியாவிட்டால் தெரிந்துகொள்வான். தெரிந்துகொள்ளட்டும். நான் திரும்பினேன். அவன் முகத்தைப் பார்க்கவில்லை, பார்த்தால் நடக்க முடியாது என்று தெரிந்தது, அவன் சட்டைப் பொத்தானை மட்டும் பார்த்துக்கொண்டு அவனைத் தாண்டி நடந்தேன். முழங்கால் கத்தியது. படி ஒன்று, இரண்டு, மூன்று. பிலோமினா மேசையில் குனிந்து என் தாள்களுக்கு நம்பர் போட்டுக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னம்மா?"

"அந்தத் தாளைக் குடுங்க மேடம்" என்றேன். "இன்னும் ஒரு வரி எழுதணும். அவர் வெளியே நிக்கும்போதே எழுதணும்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். தாளை என் பக்கம் தள்ளிவிட்டு, எழுந்து, வாசலைப் பார்த்து ஏட்டைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.